ஏணியைத் தொட்டால் கடிக்கும்

டெல்ஃபின் நீச்சல் குளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, விளிம்புக் கல்லுக்கு அடியில் விளக்குப் பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தான். மீதிச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டக்காரன் பெர்டோ பின்னாலேயே நகர்ந்து வந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. வாழைப்பழத்தைச் சர்க்கரையில் உருட்டிப் பொரித்துத் தட்டில் அடுக்கி, பக்கத்தில் இரண்டு கோப்பை காப்பியும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள் டெல்ஃபினின் மனைவி ரெமி.

பட்டை வந்த அட்டைப்பெட்டி புல்தரையில் கிடந்தது. மணிலாவில் ஏதோ ஒரு நடைபாதைக் கடையில் டெல்ஃபின் வாங்கி வந்த சரக்கு. சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று மாறி மாறி எரியும். கூடவே ஒரு சின்ன ரிமோட்டும் உண்டு. பெட்டியின் ஒரு பக்கத்தில் தண்ணீர்க் குழாயின் படம் போட்டு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு அடித்திருந்தது. ரெமி தட்டைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தாள்.

"டெல், தண்ணிகிட்ட வைக்கக் கூடாதுன்னு இதுல படம் போட்டிருக்கே. பாத்தியா?"

டெல்ஃபின் எழுந்து உட்கார்ந்தான். ஒரு கோப்பையைக் கையில் எடுத்தான். குடிக்கத்தான் எடுக்கிறான் என்று அவள் நினைத்தாள். ஆவி பறக்கும் காப்பி அவள் கழுத்திலும் தோளிலும் வந்து விழுந்தது.

"கப்பல்ல ஒரு கூட்டத்தையே மேய்ச்சவன்டி நான். எஞ்சின் ரூம்ல தீப்பிடிச்சப்ப உள்ள போனவன். நீ எனக்குப் படம் காட்டறியா?"

ரெமி சட்டையைத் தோலிலிருந்து பிய்த்துப் பிடித்தபடி உள்ளே ஓடினாள். பெர்டோ தோளில் இருந்த சுருளையே பார்த்துக்கொண்டு நின்றான். டெல்ஃபின் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கடித்து, "இன்னும் கொஞ்சம் மொறுமொறுப்பா எடுத்திருக்கலாம்" என்றான்.

அவன் வெளிநாட்டுக் கப்பல்களில் உழைத்துச் சம்பாதித்து, மக்கிலிங் மலையடிவாரத்தில் கட்டிய வீடு அது. கப்பலை விட்டு வந்த பிறகு குளமும் கட்டினான். கப்பலில் அவன் கை யார் மேல் விழுந்ததோ தெரியாது. வீட்டில் ரெமி மேல்தான் விழுந்தது. உதடு கிழிந்தால் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்பாள். கண் வீங்கினால் அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்பாள். மாதா கோயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். ஒரு மனுஷி ஒரே அலமாரியில் எத்தனை தடவை இடித்துக்கொள்வாள் என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

மகள் லியானாவுக்குப் பதினெட்டு நிறையப் போகிறது. ஊர் வழக்கப்படி அதைக் கல்யாணம் போலக் கொண்டாட வேண்டும். போன வருஷம் சுங்க அதிகாரி தன் மகளுக்கு எடுத்த விழாவில், குளம் முழுக்க நிறம் நிறமாக மின்னியது. அன்றிலிருந்து டெல்ஃபினுக்கு வயிற்றில் நெருப்பு. குளத்துக்கென்றே குறைந்த அழுத்தத்தில் எரியும் விளக்குகள் தனியாக உண்டு, அதைத்தான் போட வேண்டும் என்று கடைத்தெரு எலக்ட்ரீஷியன் சொன்னான். "ஊரை ஏமாத்தற கூட்டம்" என்று டெல்ஃபின் எழுந்து வந்துவிட்டான். அவன் வாங்கி வந்தது கடை முகப்பிலும் கிறிஸ்துமஸ் மரத்திலும் சுற்றுகிற பட்டை. வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகுவது. குளத்தைச் சுற்றி ஒட்டியபின் மிஞ்சியதைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தான். வெட்டிய முனையில் கறுப்பு டேப்பைச் சுற்றி, குளத்தில் இறங்கும் எவர்சில்வர் ஏணிக்குப் பின்னால் செருகிவிட்டான். தண்ணீருக்கும் அதற்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி.

அந்தி சாய்ந்ததும் விளக்கைப் போட்டான். குளம் நீலமாக எரிந்து, ஊதாவாகி, பச்சையாக மாறியது. லியானா கைதட்டிக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! சுங்கக்காரர் வீட்டுக் குளம் இதுகிட்ட நிக்க முடியாது!"

டெல்ஃபின் சிரித்தான். கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு வாசற்படியில் நின்ற ரெமிக்கும் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கும் நாட்களில் அவனை அவளுக்குப் பிடிக்கும். அந்த நாட்களை நம்பித்தான் மற்ற நாட்களை அவள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, ஒரு மாலை. குளத்தில் மிதந்த இலைகளை வலை கட்டிய அலுமினியக் கழியால் அள்ளிக்கொண்டிருந்தாள் ரெமி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கழி ஏணியில் பட்டதும் சுள்ளென்று ஒரு கடி, விரல் நுனியிலிருந்து தோள்வரை ஏறியது. கழியைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவினாள். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பெர்டோவைத் தேடிக்கொண்டு போனாள்.

பெர்டோ அந்த வீட்டுத் தோட்டத்தையும் குளத்தையும் பார்த்துக்கொள்பவன். நாற்பது வயது, மனைவி சபெல், இரண்டு பெண் குழந்தைகள். மாமரத்தடியில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான்.

"பெர்டோ, அந்த ஏணி..."

"கடிக்குது" என்றான் அவன், தலை நிமிராமல். "முதல் நாளே கடிச்சுது அக்கா."

"ஏன் சொல்லல?"

"பாஸ்கிட்ட சொல்லத்தான் போனேன். அவர் கையில ஸ்பானர் இருந்துச்சு. சாப்பிட்டீங்களா பாஸ்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா அது? ஆனாலும் சிரித்தார்கள்.

டெல்ஃபின் காலையில்தான் நீந்துவான். அப்போது விளக்கு எரியாது. அதனால் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. விழா முடிந்ததும் அவன் பத்தாங்காஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போவான். அந்த நேரம் பார்த்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அதுவரை யாரும் ஏணிப் பக்கம் போகாதபடி ரெமி பூந்தொட்டிகளை இழுத்து வந்து வரிசையாக வைத்தாள்.

தொட்டிகளுக்கு நடுவே மனிதன் போக முடியாது. நாய் போகும்.

டெல்ஃபின் சார்ஜன்ட் என்று பெயர் வைத்து வளர்த்த நாய் அது. ஞாயிற்றுக்கிழமை மாலை தாகத்தோடு தொட்டிகளுக்குள் நுழைந்து, முன்கால்களை ஏணிப் படியில் ஊன்றி, தண்ணீருக்குள் வாயை வைத்தது. சமையலறை ஜன்னலிலிருந்து ரெமி பார்த்துக்கொண்டிருந்தாள். நாயின் உடம்பு விறைத்தது. கிறீச்சென்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். பச்சை வெளிச்சத்தில் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, நாயை வெளியே இழுத்துப் போட்டாள். வாயோரம் நுரை.

சேவல் சண்டையில் தோற்றுவிட்டு அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் டெல்ஃபின். நாயின் பக்கத்தில் மண்டியிட்டான். அதன் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"எப்படிச் செத்துச்சு?"

"டெல், அந்த விளக்கு..."

அவன் மெதுவாகத் தலையைத் திருப்பினான். "விளக்கா? விளக்குக்கு என்ன?"

அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். கழுத்தில் காப்பிக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. சொல்ல வந்தது நாக்கிலேயே திரும்பிக்கொண்டது.

"விளக்கு வெளிச்சத்துலதான் பாத்தேன். அப்பவே செத்துக் கிடந்துச்சு."

டெல்ஃபின் நுரையைத் தொட்டுப் பார்த்தான். "விஷம்" என்றான். "பக்கத்து வீட்டு வெர்ஜெல். நாய் குரைக்குது, தூங்க முடியலன்னு போன வாரம் சண்டைக்கு வந்தான்ல? வெச்சுட்டான்!"

தோட்டக் கொட்டகையிலிருந்து ஒரு இரும்புக் குழாயை உருவிக்கொண்டு அவன் நடந்தான். ரெமி பின்னாலேயே கேட் வரை ஓடினாள். கேட்டில் கையை வைத்தவள் அதற்கு மேல் போகவில்லை.

வெர்ஜெல் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். "என்ன டெல்ஃபின்..." என்று ஆரம்பித்தவன் முழங்காலில் முதல் அடி விழுந்தது. கீழே சரிந்தான். இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது அடி தலைக்கு வந்தது. தடுக்கத் தூக்கிய கையில் விழுந்தது. காய்ந்த மூங்கில் முறிவது போல ஒரு சத்தம் தெருவுக்கே கேட்டது. வெர்ஜெலின் மனைவி வாளித் தண்ணீரை டெல்ஃபின் முகத்தில் வீசிவிட்டு, கணவன் மேல் விழுந்து மறைத்துக்கொண்டாள்.

"நாங்க ஒண்ணும் பண்ணல! சிலுவை மேல சத்தியமா ஒண்ணும் பண்ணல!"

"நாயைக் கொன்னவனுக்கு நாய் அடிதான்!" என்றான் டெல்ஃபின். தண்ணீரும் ரத்தமும் கலந்து வேன் சக்கரத்தைச் சுற்றி ஓடியது.

மறுநாள் ஊர்த் தலைவி ஃபெலி இரு வீட்டாரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். வெர்ஜெல் கையில் மாவுக்கட்டோடு வந்தான். ஃபெலி ரெமியைப் பார்த்துக் கேட்டாள்: "நீ வீட்லதானே இருந்த? நாய் எப்படிச் செத்துச்சு?"

டெல்ஃபின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"தெரியாது" என்றாள் ரெமி. "நான் பாக்கல."

வெர்ஜெல் அவளைப் பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் வெறுமனே பார்த்தான். டெல்ஃபினுக்கு ஊரில் ஆட்கள் அதிகம் என்பதால் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முறிந்த கையைப் பிடித்தபடி எழுந்து போனான்.

விழா நாள் வந்தது. முற்றத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைகள். நடுவில் முழுப்பன்றியை வாட்டி, தோல் செம்பு நிறத்தில் மின்ன வைத்திருந்தார்கள். மூலையில் கரோக்கே மேடை, ஆளுயர ஒலிபெருக்கிகள். டெல்ஃபினின் தம்பிமார், சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் மதியத்திலிருந்தே குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரம் ரெமி நைசாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சமையலறைக்குப் பின்னால் வைத்து அவள் பிடரியை ஒரு கை கவ்வியது.

"விளக்கை யாரு அணைச்சது?"

"தானா நின்னுருக்கும்..."

அவன் அவள் நெற்றியைச் சுவரில் ஒருமுறை மோதினான். அளந்து மோதினான், காயம் தெரியக் கூடாதல்லவா. "என் பொண்ணு விழாவைக் கெடுக்கணும்னு நெனச்ச, இந்தச் சுவர்லயே உன்னைத் தேய்ச்சுடுவேன்."

குளம் மறுபடியும் எரிந்தது.

லியானா ரோஜா நிறக் கவுனில் வந்தாள். பதினெட்டுப் பையன்கள் ஆளுக்கொரு ரோஜாவைக் கொடுத்து அவளோடு ஒரு சுற்று ஆடினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும் போட்டோக்காரன் குளத்தைப் பார்த்தான். பூந்தொட்டிகளைக் காலால் ஒதுக்கினான்.

"இங்க வந்து உக்காரு தங்கச்சி. செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தண்ணியில விடு. ஒரு கையால ஏணியைப் புடிச்சுக்கோ. அப்படியே என்னைப் பாத்துச் சிரி."

நூடுல்ஸ் தட்டுகளோடு வெளியே வந்த ரெமி அதைப் பார்த்தாள். தட்டுகள் கீழே விழுந்தன.

"லியானா, வேண்டாம்!"

"ஏய்!" டெல்ஃபினின் குரல் கூட்டத்துக்கு மேலே எழுந்தது. "படத்தைக் கெடுக்காதே. தள்ளி நில்லு!"

ரெமி நின்றாள். ஒரே கணம்தான். இத்தனை வருஷம் அந்தக் குரலுக்கு நின்று பழகிய கால்கள், மகள் சாகப் போகும் நேரத்திலும் நின்றன. அந்த ஒரு கணத்தில் லியானா காலைத் தண்ணீரில் விட்டு, ஏணியைப் பிடித்தாள்.

அவள் கத்தவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முதுகு வில்லாக வளைந்தது. பற்கள் நறநறத்தன. ரோஜா நிறக் கவுன் நீலமாகி, ஊதாவாகி, அப்படியே தண்ணீருக்குள் சரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஒரு பையன் குதிக்கப் போனான்.

"தண்ணியைத் தொடாதீங்க! கரண்ட்!" என்று அலறிக்கொண்டே ரெமி சுவரை நோக்கி ஓடினாள். பிளக்கை ஒயரோடு பிய்த்து எறிந்தாள். விளக்கு அணைந்த மறுநொடி, மாமரத்தடியிலிருந்து ஓடிவந்த பெர்டோ தண்ணீருக்குள் பாய்ந்தான். லியானாவைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான்.

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் உறவுப் பெண் ஒருத்தி ஓடிவந்து, லியானாவைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். ரெமி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மூச்சு விடு கண்ணு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த மடியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

டெல்ஃபின் குளக்கரையில் மரம் போல நின்றான். உறவினர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "விளக்கை யாரு மாட்டினது?" என்று ஒரு தம்பி கேட்டான். டெல்ஃபின் சுற்றிலும் பார்த்தான். நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்ற பெர்டோ கண்ணில் பட்டான்.

"இவன்தான்!" என்றான். "இவன்கிட்டதான் விட்டேன். முனையை ஒழுங்காச் சுத்துடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்!"

"பாஸ்..." பெர்டோ திகைத்துப் போனான். "நான் சுருளைத்தானே புடிச்சுக்கிட்டு நின்னேன் பாஸ்..."

டெல்ஃபின் இரும்பு நாற்காலியை மடக்கித் தூக்கி அவன் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்து ரத்தம் பீய்ச்சியது. அதற்கப்புறம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குடித்தவர்கள், அழுதவர்கள், எதுவும் தெரியாதவர்கள் எல்லோரும் பாய்ந்தார்கள். ஒருவன் பெர்டோவின் முடியைப் பிடித்துத் தரையில் மோதினான். ஒருவன் பாட்டிலை முதுகில் உடைத்தான். விழுந்தவனின் வயிற்றிலும் தலையிலும் ஷூக் கால்கள் மாறி மாறி இறங்கின. ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவன் அந்த வீட்டுப் பெண்ணைத் தண்ணீரிலிருந்து தூக்கி வந்தான். அது ஒருவருக்கும் நினைவில்லை.

மடியில் லியானா இருமினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வந்தது. நர்ஸ் பெண், "இருக்கா! உயிர் இருக்கா! வண்டி எடுங்க!" என்று கத்தினாள்.

அப்போதுதான் ரெமி திரும்பிப் பார்த்தாள்.

"அவன் இல்ல!" என்று ஓடினாள். "விடுங்க, அவன் இல்ல!" கூட்டத்துக்குள் புகுந்தவளை யாரோ முழங்கையால் தள்ளினார்கள். உதடு கிழிந்தது. மறுபடியும் கத்தினாள். அடிகளின் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. கரோக்கே மேடையில் மைக் கிடந்தது. பாய்ந்து போய் எடுத்தாள்.

"நிறுத்துங்கடா!"

ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. தெரு முழுக்க அந்தக் குரல் போனது.

"விளக்கை ஒட்டினது டெல்ஃபின்! முனையை வெட்டினது டெல்ஃபின்! தண்ணிகிட்ட வைக்காதேன்னு சொன்னேன், சுடுகாப்பியை என் மேல ஊத்தினான். இந்தாங்க, என் கழுத்தைப் பாருங்க!" அவள் காலரைக் கிழித்துக் காட்டினாள். "ஏணியில கரண்ட் இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுதான் நாயைக் கொன்னுச்சு, என் கண்ணால பாத்தேன். வெர்ஜெல் விஷம் வைக்கல! நான் பொய் சொன்னேன். இவன் அடிப்பான்னு பயந்து பொய் சொன்னேன்!"

முற்றம் அடங்கியது. உதைத்துக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. டெல்ஃபின் மேடைக்குத் தாவி அவள் முகத்தில் குத்தினான். அவள் விழுந்தாள், மைக்கை விடவில்லை.

"அடி" என்றாள், விழுந்த இடத்திலிருந்தே. "இன்னிக்கு எல்லாரும் பாக்கட்டும். இது அலமாரிக் கதவு இல்ல."

அவனுடைய சொந்தத் தம்பிகளே அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள்.

லியானா பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் மடங்கவில்லை. நாளாகும் என்றார் மருத்துவர். பெர்டோவுக்குத் தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அவன் கண் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் விடிகாலை இறந்துபோனான். மின்சாரம் ஒரு நாயைத்தான் கொன்றது. மனிதனைக் கொன்றது மனிதர்களின் கையும் காலும்.

டெல்ஃபினையும் அவன் உறவினர் இருவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அன்றே அவனுடைய அக்கா மருத்துவமனைக்கு வந்தாள். ரெமியை அறைக் கதவோரம் அழைத்துப் போய்த் தோளில் கை போட்டாள்.

"நடந்தது நடந்து போச்சு. விளக்கை மாட்டினது பெர்டோதான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடு. செத்தவனை யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல. உன் புருஷன் வெளிய வருவான். பொண்ணுக்கு அப்பன் வேணாமா?"

ரெமி தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். கட்டிலில் படுத்திருந்த லியானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை போனபிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ எனக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டியா?"

"வேற யாருக்காக?"

"இனிமே அப்படிச் சொல்லாதம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் படுத்து நான் எல்லாத்தையும் கேட்டிருக்கேன். காலையில அப்பா கழுத்தைக் கட்டிக்கிட்டுச் சிரிப்பேன். ஏன் தெரியுமா? எனக்கும் பயம்." அவள் மடங்காத விரல்களைப் பார்த்தாள். "எனக்காகன்னு சொன்னா, பெர்டோ மாமா செத்ததும் எனக்காகன்னு ஆயிடும்."

மறுநாள் முற்பகல் ரெமி பெர்டோவின் வீட்டுக்குப் போனாள். ஒட்டுப்பலகைச் சுவர், தகரக் கூரை. முன்னறையில் சவப்பெட்டிக்குள் பெர்டோ படுத்திருந்தான். முகத்தை மெழுகு போட்டுச் சரிசெய்திருந்தார்கள், சரியாகவில்லை. வாசலில் பந்தலுக்குக் கீழே ஊர்க்காரர்கள் சீட்டாடிக்கொண்டும் காப்பி குடித்துக்கொண்டும் பிணத்துக்குத் துணை இருந்தார்கள். ஃபெலியும் இருந்தாள். ரெமி உள்ளே நுழைந்ததும் சீட்டு விழும் சத்தம் நின்றது.

சபெல் எழுந்திருக்கவில்லை. காப்பியும் கொடுக்கவில்லை.

"எதுக்கு வந்தே?"

"மன்னிப்பு கேக்க வரல" என்றாள் ரெமி. வீங்கிய உதட்டில் வார்த்தைகள் தடுக்கின. "மன்னிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். பெர்டோகிட்ட நான்தான் சொன்னேன், விழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு. அன்னிக்கே நான் வாயைத் திறந்திருந்தா அவன் இருந்திருப்பான். அதை உன் முகத்தைப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்."

சபெல் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"எனக்கும் தெரியும்" என்றாள். "வீட்டுக்கு வந்து சொன்னான். ஏணி கடிக்குது சபெல், போய்ச் சொல்லிடட்டுமான்னு கேட்டான். நான்தான் வேலை போயிடும், வாயை மூடிக்கிட்டு இருன்னேன்." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் சொன்னேன். நான்தான் சொன்னேன்."

பந்தலுக்குள்ளிருந்து ஒருவன் எழுந்து வந்தான். வெர்ஜெல். மாவுக்கட்டுப் போட்ட கை நெஞ்சில் தொங்கியது. ரெமி தலை குனிந்தாள்.

"என்னைப் பாத்துத் தலை குனியாதே அக்கா" என்றான் அவன். "எட்டு வருஷமா உன் அலறல் என் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன். அடுத்த வீட்டு விவகாரம், நமக்கெதுக்குன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அந்தக் கை என் மேல விழுந்த அன்னிக்குத்தான் எனக்கு வலிச்சுது."

ஃபெலி கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். ரெமியின் கண்ணோர வீக்கத்தைக் கோயிலில் எத்தனையோ முறை பார்த்துவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தவள் அவள்.

ரெமி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் பேசியது பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"அடிக்கிறவனைத் தட்டிக் கேக்க ஆளில்லாத வீட்டுல, ஆபத்து வந்தாலும் சொல்ல ஆள் இருக்காது. நான் பொறுத்துக்கிட்டா வீடு நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். அது நிம்மதி இல்ல. பயம். என் மேல விழுந்ததை நான் மறைச்சேன். அது வெர்ஜெல் மேல விழுந்துச்சு. அதையும் மறைச்சேன், பெர்டோ மேல விழுந்துச்சு. ஓங்கினது டெல்ஃபின் கைதான். ஆனா அது ஓங்கறதுக்கு எடம் விட்டது நான். நாம எல்லாரும். உங்க வீட்டுல ஒரு அடி விழுந்தா அன்னிக்கே வெளிய வந்து சொல்லுங்க. அடுத்த வீட்டுல விழுந்தா அன்னிக்கே கதவைத் தட்டுங்க. ரெண்டாவது அடிக்குக் காத்திருக்காதீங்க. அது யார் மேல விழும்னு யாருக்கும் தெரியாது."

சபெல் நகர்ந்து, பெஞ்சில் பக்கத்தில் இடம் விட்டாள். ரெமி உட்காரவில்லை. ஃபெலியைப் பார்த்துத் திரும்பினாள்.

"உங்க ஆபீஸ் திறந்துதானே இருக்கு? வாங்க போகலாம். வாக்குமூலம் கொடுக்கணும்."

"அன்னிக்கு விழாவுல நடந்ததைச் சொன்னாப் போதும் ரெமி" என்றாள் ஃபெலி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே.

"போதாது" என்றாள் ரெமி. "கல்யாணமான வருஷம் விழுந்த முதல் அடியிலேருந்து சொல்றேன். எழுதிக்குங்க."